லினக்ஸ் கணினிக்கு எஸ்எஃப்டிபி வழியாகச் சில கோப்புகள் மட்டும் செல்ல மறுக்கின்றன

கேள்வி

வணக்கம். விண்டோஸ் கணினியிலிருந்து உள்ளகப் பிணையம் வழியாக ஒரு லினக்ஸ் கணினிக்கு, பாதுகாப்பான கோப்புப் பரிமாற்ற நெறிமுறையான எஸ்எஃப்டிபி மூலம் கோப்புகளை அனுப்பி வருகிறேன். உள்நுழைவதில் சிக்கல் இல்லை. பெரும்பாலான கோப்புகள் முழுமையாகச் சென்றுவிடுகின்றன. ஆனால் முகப்புக் கோப்புறைக்கு அனுப்பும் ஆவணங்களில் சில, அளவில் மிகச் சிறியவையாக இருந்தும், தொடக்கத்திலேயே 'பேட் மெசேஜ்' என்ற பிழையுடன் நின்றுவிடுகின்றன. அங்கே இணைத்துள்ள யூஎஸ்பி வட்டுக்கு அனுப்பும் பெரிய காணொளிகளோ வெகுநேரம் ஓடிய பிறகு 'ஃபெயிலியர்' என்ற ஒற்றைச் சொல்லுடன் அறுந்துபோகின்றன. கம்பியையும் ஸ்விட்சையும் மாற்றிப் பார்த்தும் பயனில்லை. இரண்டு இடங்களிலும் காலியிடம் தாராளமாக உள்ளது. செய்திகள் வழியில் சிதைகின்றனவா, பிணைய அட்டை பழுதா என்று ஐயுறுகிறேன். எங்கிருந்து சோதிக்கத் தொடங்குவது?

மறுமொழி 1

எம்டியு அளவை, அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பைச் சரிபாருங்கள். ஈதர்நெட்டில் அது வழக்கமாக 1500 பைட். இடையில் விபிஎன் போன்ற ஏதேனும் அதைக் குறைத்திருந்து, அதை அறிவிக்கும் ஐசிஎம்பி செய்தியை ஃபயர்வால் தடுத்துவிட்டால், சிறிய பாக்கெட்டுகள் மட்டும் போய்ச் சேரும், பெரியவை தொலைந்துபோகும். துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் 1472 பைட் தரவை பிங் செய்யுங்கள். 28 பைட் தலைப்புகளும் சேர்ந்து சரியாக 1500 ஆகும்.

மறுமொழி 2

எம்டியு சோதனை நல்லதுதான் என்றாலும், இங்கே காணும் அறிகுறிகள் அதற்குப் பொருந்தவில்லை. எம்டியு கோளாறில் பிழைச் செய்தி எதுவும் வராது. மாற்றம் அப்படியே உறைந்து, நெடுநேரம் கழித்து இணைப்பு அறுந்துபோகும். பல சமயங்களில், எஸ்எஃப்டிபிக்கு அடித்தளமான எஸ்எஸ்ஹெச் இணைப்பின் தொடக்கச் சாவிப் பரிமாற்றத்தைக்கூடத் தாண்டாது. உங்களுக்கோ மறுமுனைக் கணினியே பதில் அனுப்புகிறது. அந்தப் பதில் வந்து சேர்கிறது என்றால் பிணையம் தன் வேலையைச் செய்கிறது. மறுப்பது கோப்பு முறைமை, அதாவது வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறை.

எஸ்எஃப்டிபி நெறிமுறையில் பிழைக் குறியீடுகள் மிகக் குறைவு என்பதால், லினக்ஸ் கருவகம் (கெர்னல்) தரும் நுணுக்கமான காரணங்களை, அங்கே எஸ்எஃப்டிபியைக் கையாளும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சேவையகம் ஒருசில பொதுக் குறியீடுகளுக்குள் அடக்கி அனுப்புகிறது. கோப்புப் பெயர் மிக நீளம் என்ற காரணம் 'பேட் மெசேஜ்' ஆகிவிடும். வட்டு நிறைந்தாலும் சரி, கோப்பு அளவு வரம்பை மீறினாலும் சரி, இரண்டுமே 'ஃபெயிலியர்' என்றே வரும். ஆகவே இந்தச் சொற்களை நம்பிக் கம்பியையும் அட்டையையும் மாற்றிக்கொண்டிருப்பது வீண் உழைப்பு.

தயவுசெய்து இரண்டு விவரங்கள் தாருங்கள். மறுக்கப்படும் ஆவணங்களின் பெயர்கள் தமிழில் உள்ளனவா, எவ்வளவு நீளமானவை? யூஎஸ்பி வட்டின் கோப்பு முறைமை எது, அறுந்துபோன காணொளி அங்கே எத்தனை பைட்டுடன் நிற்கிறது?

கேள்வி கேட்டவர்

விரைவான மறுமொழிக்கு நன்றி. ஆம், அவை அனைத்தும் கட்டுரைத் தலைப்பையே பெயராகக் கொண்ட நீண்ட தமிழ்ப் பெயர்கள். அவற்றில் சில பெயர்கள் நூறு எழுத்துக்குறிகளைத் தாண்டுகின்றன. வட்டு ஃபேட்32 முறையில் உள்ளது. பாதியில் நின்ற ஒவ்வொரு காணொளியும் மிகச்சரியாக 4,294,967,295 பைட் காட்டுகிறது.

மறுமொழி 2

அப்படியானால் இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டது. ஃபேட்32 முறையில் ஒரு கோப்பின் உச்ச அளவு அந்த எண்தான்: 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. 

பெயர்ச் சிக்கல் தமிழில் எழுதும் நம் எல்லோரையும் தொடுவது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ், கோப்புப் பெயருக்கு 255 யுடிஎஃப்-16 அலகுகளை (ஒரு தமிழ்க் குறிக்கு ஓர் அலகு) அனுமதிக்கிறது. லினக்ஸின் எக்ஸ்ட்4 அனுமதிப்பது 255 பைட் மட்டுமே. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் பிடிப்பதால் 85 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். அதிலும் 'கி' என்பது மெய்யும் உயிர்க்குறியுமாக இரண்டு குறிகள், 6 பைட். விண்டோஸில் குறையின்றி இருக்கும் பெயர் இங்கே நுழைய முடியாமல் போவது இதனால்தான். ஆங்கிலப் பெயர்களுடன் மட்டும் சோதிப்பவர்கள் இதைக் காணவே மாட்டார்கள்.

உறுதிப்படுத்திக்கொள்ளப் பிணையமே வேண்டாம். லினக்ஸ் கணினியில் நேரடியாக அமர்ந்து, அதே பெயரை, வெற்றுக் கோப்பை உருவாக்கும் டச் கட்டளைக்குக் கொடுத்துப் பாருங்கள். பெயர் நீளம் என்று அங்கேயே மறுக்கும். பிறகு பெயர்களைச் சுருக்குங்கள். கூடாது என்றால், ஆவணங்களை ஒரே ஜிப் கோப்பாக்கி அனுப்பி, பிரிக்காமல் வைத்திருங்கள். பிரித்தால் அதே தடை மீண்டும் வரும். வட்டை எக்ஸ்ட்4 முறைக்கும், விண்டோஸிலும் பயன்படுத்த வேண்டுமெனில் எக்ஸ்ஃபேட் முறைக்கும் மாற்றலாம். மாற்றும்போது அதிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும், முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பாதியில் நின்ற காணொளிகள் முழுமையானவை போலவே பெயரோடு அமர்ந்திருக்கும். நகலெடுக்கும் முன் அவற்றை நீக்கிவிடுங்கள். மீண்டும் அனுப்பிய பின் லினக்ஸில் எஸ்ஹெச்ஏ256சம் கட்டளையும் விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளையும் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டுத் தரும் எஸ்ஹெச்ஏ256 மதிப்புகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே மூலக் கோப்புகளை அழியுங்கள்.