தமிழ்க் குழந்தைகள் பேசும் வினைச்சொற்கள் வேண்டும், உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. குழந்தைகள் இறந்தகால வினையை எப்படிக் கற்கிறார்கள் என்று ஒரு சின்ன நியூரல் நெட்வொர்க்கை (எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே கற்கும் கணினி நிரலை) வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1986இல் ரூமெல்ஹார்ட், மெக்லெலண்ட் என்ற ஆய்வாளர்கள் ஆங்கிலத்துக்குச் செய்ததுதான்: விதி எதையும் சொல்லித்தராமலேயே அவர்கள் மாடலில் 'வென்ட்' (went) என்பதற்குப் பதில் 'கோ-எட்' (goed) என்பது மாதிரியான குழந்தைப் பிழைகள் வந்தன. முதலில் 10 வினை, பிறகு திடீரென்று 410 என்று கொட்டியதால்தான் அப்படி வந்தது என்று 1988இல் பிங்கர், பிரின்ஸ் என்ற ஆய்வாளர்கள் மறுத்தார்கள், அது நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன். அதனால் எந்த வினையை எத்தனை முறை காட்டுகிறோம் என்பதுதான் எனக்கு முக்கியம்.

சிக்கலும் அங்கேதான். செய்தித்தாள் தமிழில் பழக்கினால் 'சென்றான்', 'நின்றான்', 'கற்றான்' குவிகிறது, ஆனால் வீட்டில் குழந்தை கேட்பது 'போனான்', 'நின்னான்', 'கத்துக்கிட்டான்'. சொல்–சொன்னான், நில்–நின்னான் என்று பேச்சில் அழகாக ஒரே மாதிரி சேர்வது எழுத்தில் சொன்னான், நின்றான் என்று பிரிந்துவிடுகிறது!

சரி, கேட்க வந்தது இதுதான்: சிறு குழந்தைகளிடம் பெரியவர்கள் பேசும் பேச்சுத்தமிழை எழுத்தாக்கிய தொகுப்பு எங்காவது கிடைக்குமா? இல்லையென்றால், உங்கள் வீட்டில் 2 முதல் 4 வயதுக் குழந்தை இருந்தால், அது தவறாகச் சொல்லும் இறந்தகால வினைகளையும் வயதையும் மட்டும் எழுதுங்கள், பெயரோ ஒலிப்பதிவோ வேண்டாம். எந்த ஊர்ப் பேச்சு என்று சேர்த்துச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.