கற்பனை நாட்டு விஞ்ஞானிகள் முதலில் எதைச் செய்வார்கள்?

பென்னாகரத்துக்காரி:
பிள்ளைகளுக்காகக் 'கல்நாடு' என்று ஒரு கற்பனை தேசத்தை எழுதி வருகிறேன். ஆறு இல்லை, மின்சாரம் இல்லை. கருங்கல் பாறை, அதற்குள் ஆழத்தில் தண்ணீர், அதிலும் அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு உப்பு. எங்கள் பக்கத்துக் கதைதான். என் பெரியம்மாவின் பல்லில் காவிக் கோடுகள் இருக்கும். தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துத்தான் எழுவார். அந்த நாட்டு ஆய்வுக்கூடம் முதலில் எதைச் செய்யும்? மந்திரம் வேண்டாம், உண்மையிலேயே நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

பாலக்கோடு வாத்தியார்:
ஃப்ளோரைடை நீக்கும் நல்கொண்டா முறையை வையுங்கள் அக்கா. நாக்பூரில் இருக்கும் நீரி (தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம்) உருவாக்கியது. வாளித் தண்ணீரில் சுண்ணாம்பும் படிகாரமும் போட்டு வேகமாகக் கலக்கி, அப்புறம் மெதுவாகக் கிண்ட வேண்டும். பஞ்சு பஞ்சாகத் திரண்டு, ஃப்ளோரைடையும் இழுத்துக்கொண்டு அடியில் படியும். மேலே தெளிந்ததை வடித்துக் குடிக்கலாம். படிகார அளவு தப்பினால் அலுமினியம் தண்ணீரிலேயே தங்கிவிடும். அதனால் முதல் கண்டுபிடிப்பு வாளி இல்லை, அளக்கும் கருவி! குடிநீரில் ஃப்ளோரைடுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். நாக்கு வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஊத்தங்கரை விவசாயி:
புளியமரத்தை விட்டுவிடாதீர்கள். புளி சேர்த்துச் சாப்பிட்ட பிள்ளைகளுக்குச் சிறுநீரில் ஃப்ளோரைடு கூடுதலாக வெளியேறியதை ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் பார்த்திருக்கிறார்கள். அதற்காகத் தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் இருக்கக் கூடாது.

பென்னாகரத்துக்காரி:
நன்றி வாத்தியாரே, அண்ணா. சரி, கல்நாட்டில் படிகாரம் எங்கே கிடைக்கும்?