வாரம் 3 நாள் டயாலிசிஸை 6 நாளாக மாற்றலாமா?

கேள்வி:
அம்மாவுக்கு வாரம் 3 நாள், தடவைக்கு 4 மணி நேரம் டயாலிசிஸ். பாதியிலேயே பிரஷர் இறங்கிக் கால் பிடித்துக்கொள்கிறது, முடிந்தபின் அன்று முழுக்கப் படுக்கைதான். வாரம் 5, 6 நாள், இரண்டிரண்டு மணி நேரமாகப் பிரித்துச் செய்தால் உடம்பு தாங்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
அப்பாவுக்கு மாற்றினோம், நல்ல வித்தியாசம் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் எடுக்க வேண்டிய நீர் குறைவு, அதனால் பிரஷர் அவ்வளவாக விழுவதில்லை. வாரத்தில் ஒருமுறை வரும் அந்த நீண்ட இடைவெளி இருக்கிறதே, நீரும் பொட்டாசியமும் சேர்ந்து இதயத்தைப் படுத்துவது அப்போதுதான், அதுவும் போய்விடும்.

பதில் 2:
2010-ல் வெளியான ஓர் ஆய்வில் 245 பேரை ஒரு வருடம் பார்த்தார்கள். வாரம் 6 நாள் குழுவில் இதயத் தசையின் பருமன் குறைந்தது, இரத்த அழுத்தமும் பாஸ்பரஸும் கட்டுக்குள் வந்தன. ஆனால் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்துச் செய்வது) போன்ற ஊசி குத்தும் வழிகளில் சிக்கல் கூடி, அதைச் சரிசெய்யும் சிகிச்சைகளும் அதிகமாயின. அம்மாவின் ஃபிஸ்டுலா எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பதில் 3:
ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். 3 நாள் 4 மணி என்றால் வாரத்துக்கு 12 மணி, 5 நாள் 2 மணி என்றால் 10தான். மொத்த நேரம் குறைந்தால் நீரை இன்னும் வேகமாக இழுக்க வேண்டிவரும், அதற்கு மாறாமலே இருக்கலாம். தினமும் போய்வரும் அலைச்சலை அம்மா தாங்குவாரா என்பதையும் யோசியுங்கள். இப்போதிருக்கும் 4 மணியை நாலரையாக்கி, உப்பைக் குறைத்து, டயாலிசிஸ் திரவத்தின் வெப்பத்தைச் சற்றுக் குறைக்க முடியுமா என்று சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள்.

கேட்டவர்:
சரி, நன்றி. ஃபிஸ்டுலாவை ஸ்கேன் செய்துவிட்டு, நேரத்தை நீட்டுவதைப் பற்றி முதலில் பேசுகிறேன்.