தலை மட்டும் மாற்றுகிற துடைப்பம்: செய்து பார்த்தவர்கள், வாங்கிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

லேத்துப்பட்டறை, கோவை

கணபதியில் சின்னதாக ஒரு லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன். பம்பு உதிரிபாகம்தான் பிழைப்பு. வேலை குறைவான நாட்களில் வீட்டுக்கென்று ஒரு துடைப்பம் வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். தடி அப்படியே இருக்கும், ஈர்க்குக் கட்டு தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி வேறு போட்டுக்கொள்ளலாம்.

"தடியில மரை (திருகு வரி) போடு, தலையில சுரை (அது திருகி ஏறுகிற துளை) வை, முடிஞ்சுது" என்றுதான் யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள். தடியையும் தலையையும் இணைப்பதில் சிரமமே இல்லை. சிரமம் அதற்குக் கீழே இருக்கிறது. ஈர்க்கு காயக் காயச் சுருங்கும். இன்றைக்கு இன்னொரு குச்சி நுழையாதபடி வளையத்துக்குள் அடித்து இறுக்கிய கட்டு, சித்திரை வெயிலில் வாசலில் கிடந்தால் தளர்ந்துபோய், பெருக்கும்போது ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வருகிறது. ஹோஸ் கிளிப் போட்டு ஸ்க்ரூடிரைவரால் இறுக்கலாம். ஆனால் வாரா வாரம் ஸ்க்ரூடிரைவரோடு துடைப்பத்தைத் தேடி யார் போவார்கள்? போதாததற்கு கிளிப்பின் வால் காலைக் கீறுகிறது.

இப்போது கையில் இருப்பது இதுதான். தடிக்கு முக்கால் அங்குல அலுமினியக் குழாய். தலைக்கு ஒரு கிண்ணம். மேலே அகலம், கீழே வாய் குறுகல். ஈர்க்குக் கட்டை மேல் பக்கமாக நுனி முதலில் போகும்படி விட்டு, அடிப்பாகம் கிண்ணத்தில் சிக்கும்வரை இழுக்க வேண்டும். தடியின் முனையில் கூர்மையான ஆப்பு ஒன்று கடைந்திருக்கிறேன். தடியைத் திருகினால் அந்த ஆப்பு கட்டின் நடுவில் இறங்கி, குச்சிகளைக் கிண்ணத்தின் சுவரோடு சேர்த்து நெருக்கும். கட்டு தளர்ந்தால் தடியை இன்னும் அரைச் சுற்று திருகினால் போதும். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம்.

இது வேலை செய்கிறது. ஆனால் வீட்டில் என் அம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு "கனமா இருக்கு" என்று ஒரே வார்த்தையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

மாடிவீட்டம்மா, சென்னை

தம்பி, எனக்கு மரை சுரை தெரியாது, வாங்கின கதையைச் சொல்கிறேன். இடுப்பு வலிக்கு டாக்டர் குனியாதே என்றதால், நீளத் தடி வைத்த துடைப்பம் ஒன்று வாங்கினேன். தலை மட்டும் தனியாகக் கிடைக்கும் என்று அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. தலை தேய்ந்ததும் வாங்கின கடையிலேயே போய்க் கேட்டேன். "அந்த மாடல் வர்றதில்லைம்மா, புதுசு வந்திருக்கு" என்றார் கடைக்காரர். புதுசின் தலை என் தடியில் ஏறவில்லை. மரை கொஞ்சம்தான் வித்தியாசம், ஆனால் அந்தக் கொஞ்சத்தில் மாட்டாது. கடைசியில் தடி நல்ல தடியாகவே இருக்கிறது, மாடியில் பாகற்கொடிக்கு ஊன்றி வைத்திருக்கிறேன்.

வேறொரு கம்பெனியில் தலை கிடைத்தது. விலையைப் பார்த்தால், இன்னும் கொஞ்சம் போட்டால் முழுத் துடைப்பமே வாங்கிவிடலாம். பிறகு எதற்குத் தலையை மாற்றுவது?

நீங்கள் எதைச் செய்தாலும், தெருமுனை அண்ணாச்சி கடையில் கிடைக்கிற சாதாரண ஈர்க்குக் கட்டு அதில் மாட்ட வேண்டும். உங்களிடம்தான் வந்து தலை வாங்க வேண்டும் என்றால், நீங்கள் கடையை மூடினால் நான் என்ன செய்வேன்?

இன்னொன்று, தடி நெஞ்சு உயரத்துக்காவது இருக்கட்டும். கடையில் விற்கிற நீளத் துடைப்பம் பலதும் இடுப்புக்குக் கொஞ்சம் மேலேதான் வருகிறது. கட்டிலுக்கு அடியில் பெருக்க அதற்கும் குனியத்தான் வேண்டியிருக்கிறது.

மேஸ்திரி

பேரூராட்சித் தூய்மைப் பணியில் மேற்பார்வையாக இருக்கிறேன். கோவை நண்பர் சொல்கிற ஆப்பு எங்கள் ஆட்களுக்கு என்றைக்கோ தெரிந்ததுதான். தெரு பெருக்குகிறவர்களுக்குத் துடைப்பம் முழுசாக வருவதில்லை. ஈர்க்குக் கட்டு வரும், மூங்கில் தடி வரும், இரண்டையும் சேர்ப்பது அவரவர் பாடு. தடி ஒன்றையே வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள். கைபட்டுக் கைபட்டு வழவழவென்று ஆகியிருக்கும், அதை இன்னொருவருக்குத் தரவும் மாட்டார்கள்.

எங்கள் வார்டில் ஒரு அக்கா கட்டுவதை நின்று பார்த்திருக்கிறேன். பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டிக்கொள்வார். நடைபாதையில் உட்கார்ந்து, ஒரு நுனியைக் கட்டின் மேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றி, மறு நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வார். அப்புறம் டியூபை இழுத்துப் பிடித்தபடியே கட்டைக் கையால் உருட்டுவார். ஒவ்வொரு சுற்றும் முந்தினதன் மேல் பாதி ஏறும். கடைசி நுனியைக் குச்சியால் நெம்பி உள்ளே செருகிவிடுவார். முடிச்சே கிடையாது. அதன் பிறகுதான் தடியின் கூரான முனையைக் கட்டின் நடுவில் சொருகி, தடியின் மறு முனையைத் தார் ரோட்டில் நங்கு நங்கென்று நாலு குத்து குத்துவார். கட்டின் கனத்திலேயே அது தடியில் இறங்கி இறுகிவிடும்.

ரப்பர் என்பதால் ஈர்க்கு சுருங்கினால் அதுவும் கூடவே சுருங்கிக்கொள்ளும். கம்பி அப்படிப் போகாது. நைலான் கயிறும் போகாது. உங்கள் கிண்ணத்துக்குள் ஒரு ரப்பர் வளையம் கொடுத்துப் பாருங்கள்.

வாரியல்காரன், நாகர்கோவில்

ஈர்க்கு சுருங்குகிறது என்றால் பச்சையாகக் கட்டுகிறார்கள் என்று அர்த்தம். கடைக்கு வருவதில் பெரும்பாலும் அப்படித்தான், பச்சையில் எடை நிற்கும்.

எங்கள் வீட்டில் தென்னை இருப்பதால் வாரியல் விலைக்கு வாங்கிப் பழக்கமில்லை. தென்னை ஏறத்தாழ மாதம் ஒரு மட்டை கழிக்கும். ஒரு மட்டையில் 200க்கு மேல் ஈர்க்கு தேறும், இரண்டு மூன்று மட்டை இருந்தால் ஒரு நல்ல வாரியல். தானாகக் காய்ந்து விழுந்த மட்டை வேண்டாம், அதன் ஈர்க்கு ஒடியும். தேங்காய் வெட்டும்போது கழித்துப் போடுகிற, பாதி பழுத்த மட்டைதான் சரி. ஓலையைச் சீவி எடுத்ததும் கட்டிவிடக் கூடாது. நிழலில் பரப்பிப் போட்டு, வளைத்தால் சலசலவென்று சத்தம் வருகிற பதத்துக்குக் காய விட வேண்டும். அதற்கப்புறம் கட்டினால் சுருங்க அதிகம் மிச்சம் இருக்காது. ஆப்பு வேலை பாதியாகக் குறையும்.

தேய்ந்த தலையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நுனி போய்க் கட்டையான ஈர்க்குதான் குளியலறையும் சாக்கடையும் தேய்க்க நல்லது. தடியில்லாமல் கையில் பிடித்துத் தேய்க்கிற மாதிரி, கழற்றின பிறகும் கட்டு பிரியாமல் நிற்க வேண்டும். உங்கள் கிண்ணத்தில் இருந்து எடுத்தால் மொத்தமும் உதிர்ந்துவிடும் போலிருக்கிறதே?

மலைநாட்டுக் கிளை

நான் வங்கி வேலையில் சில வருஷம் ஷில்லாங்கில் இருந்தேன். எல்லோரும் ஈர்க்கையே பேசுகிறீர்கள், பூந்துடைப்பத்தைச் சொல்லாமல் விட முடியாது. நம் வீடுகளில் டைல்ஸ் பெருக்குகிற அந்தப் புல், பெருமளவு வடகிழக்கு மலைகளில் இருந்து வருவது. மேகாலயாவில் ரி-போய், காசி மலைப் பக்கம் சரிவுகளில் பயிராகவே வளர்க்கிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. அந்த நாட்களில் அங்கே போனால் ரோட்டோரம், வீட்டு முற்றம், எங்கே பார்த்தாலும் புல் காயும்.

இங்கே சென்னைக்கு வந்து சேரும்போது அதன் தலையில் ஒரு பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருக்கும். பூ கொட்டித் தீர்ந்ததும் குழாயும் சேர்ந்து குப்பைக்குப் போகிறது. ஈர்க்குத் துடைப்பத்தைத் தூக்கிப் போட்டாலும் மக்கிவிடும், இதில் குழாய் மக்காது. தலை மாற்றுகிற வடிவம் யாருக்காவது அவசரமாக வேண்டுமென்றால் அது பூந்துடைப்பத்துக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஆப்பு இதற்கு ஒத்துவராது. புல்லின் தண்டு ஈர்க்கு மாதிரி கெட்டியில்லை, நெருக்கினால் நசுங்கும், நசுங்கின இடத்தில் ஒடியும். டியூப் யோசனைதான் இதற்குச் சரி. அப்புறம், பூந்துடைப்பம் தட்டையாக விசிறி போல விரிய வேண்டும். வட்டமாகக் கட்டினால் மூலையில் தூசி வாராது. தட்டைத் துடைப்பம் அமெரிக்காவில் 1798 வாக்கில் ஷேக்கர் என்ற மதக் குழுவினர் செய்தது என்று சொல்வார்கள். அவர்கள் செய்ததும் துடைப்பக் கட்டினை இடுக்கியில் நசுக்கித் தட்டையாக்கிக் குறுக்கே தைத்ததுதான். தைக்காமல் தட்டையாக நிற்க வைக்க முடியுமா என்று கோவைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்தான்

எங்கள் பக்கம் தும்புத்தடிதான் வீட்டுக்குள். மரக்கட்டையில் துளை போட்டுத் தென்னந்தும்பைக் குஞ்சம் குஞ்சமாக வைத்திருப்பார்கள். நான் வாங்கின கடைகளில் தலை வேறாக, தடி வேறாகத்தான் இருக்கும். தலையில் ஒரு சாய்வான ஓட்டை, தடியை அதில் இறுக்கிவிட வேண்டும். நீங்கள் கண்டுபிடிக்கப் பார்க்கிற பொருளை நாங்கள் சின்ன வயதில் இருந்து பாவிக்கிறோம்!

அதில் ஒரே கரைச்சல், தடி கழன்று வரும். அதற்கு எல்லோரும் பக்கத்தில் ஒரு ஆணி அடித்துவிடுவார்கள். ஆணி அடித்ததோடு மாற்றுகிற தலை மாற்ற முடியாத தலையாகிவிடும். பிறகு தலை தேய்ந்தால் ஆணியைப் பிடுங்கச் சோம்பல், முழுசாகவே வாங்குவோம். ஆகவே கழற்றச் சுகமாக இருப்பதைவிட, தானாகக் கழலாமல் இருப்பதை முதலில் பாருங்கள். கழன்றால் சனம் ஆணியை எடுக்கும்.

கிண்டி

காப்புரிமை விண்ணப்பம் எழுதுகிற இடத்தில் வேலை பார்க்கிறேன், அதனால் வாய் சும்மா இருக்காது. 1893இல் மிச்சிகன் மாநிலத்தில் தாமஸ் ஸ்டூவர்ட் என்ற கறுப்பினத்தவர் தரை துடைக்கிற மாப் ஒன்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். துணித் தலையைக் கழற்றி மாற்றலாம், நெம்புகோலால் பிழியவும் செய்யலாம். ஆக, "தலை மாறும்" என்ற எண்ணத்துக்கு மட்டும் இன்று யாரும் காப்புரிமை கேட்க முடியாது. ஆப்பும் கிண்ணமும் சேர்ந்து இயங்குகிற விதத்துக்கு வேண்டுமானால் கேட்டுப் பார்க்கலாம், கிடைத்தால் 20 வருஷம். வெறும் தோற்றத்தைப் பதிய 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது. 10 வருஷம், நீட்டித்தால் இன்னும் 5. ஆனால் அது உருவத்தை மட்டும்தான் காக்கும். பக்கத்துப் பட்டறைக்காரர் அதே வேலையை வேறு உருவத்தில் செய்தால் ஒன்றும் கேட்க முடியாது.

இதெல்லாம் விண்ணப்பம் போட்ட பிறகு ஊருக்குச் சொல்ல வேண்டிய சங்கதி, சார். நீங்கள் முதல் பதிவிலேயே ஆப்பின் கூர் வரை எழுதிவிட்டீர்கள்.

லேத்துப்பட்டறை, கோவை

எழுதினது எழுதினதுதான், யார் வேண்டுமானாலும் கடைந்துகொள்ளட்டும். எனக்குப் பம்பு போதும்.

மேஸ்திரி அண்ணன் சொன்னதைச் செய்து பார்த்தேன். கிண்ணத்துக்குள் வளையம் வைப்பதைவிட, கட்டையே முதலில் டியூபால் சுற்றி, அந்தச் சுற்றோடு கிண்ணத்தில் விட்டால் நன்றாக நிற்கிறது. நாகர்கோவில் அண்ணாச்சி கேட்ட கேள்விக்கும் அதுவே பதில்: கழற்றினாலும் உதிரவில்லை, அப்படியே குளியலறைக்குப் போகலாம். கடையில் வாங்கின கட்டில் ஏற்கெனவே பிளாஸ்டிக் பட்டை இருக்கும், அதை வெட்டாமல் அதன் மேலேயே டியூபைச் சுற்றலாம். சென்னை அம்மா கேட்டபடி எந்தக் கட்டும் மாட்டும். ஒல்லியான கட்டாக இருந்தால் டியூபை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

கனம் குறைக்க, கிண்ணத்தை அலுமினியத்தில் கடையாமல் தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற கறுப்பு எச்டிபிஇ பைப்பைச் சூடுகாட்டி வாய் குறுக்கிச் செய்தேன். முப்பரிமாண அச்சில் எடுக்கலாம் என்று ஒரு கல்லூரிப் பையன் சொன்னான். அவர்கள் வழக்கமாகப் போடுகிற பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகிவிடும், மொட்டை மாடியில் வெயிலில் வைக்கிற பொருளுக்கு ஆகாது. யாழ்ப்பாண நண்பருக்காக, மரைக்கு மேல் ஒரு குறுக்குத் துளை போட்டுப் பழைய சைக்கிள் பூட்டுப்பின் மாட்டிவிட்டேன், ஆணிக்கு வேலையில்லை. பூந்துடைப்பத்துக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

அம்மா இப்போது எடுத்துப் பெருக்குகிறார். தலை மாற்றின அன்றைக்கு மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார்: புதுத் துடைப்பத்துக்குப் பார்க்கிற நாள் கிழமை, தலைக்கும் பார்க்க வேண்டுமா, தடி பழசுதானே என்று. எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மாற்றிக்கொண்டார்.

மாடிவீட்டம்மா, சென்னை

தம்பி, ஒன்று விட்டுப்போச்சு. எல்லாத் துடைப்பமும் ஒரு பக்கமாகத்தான் தேயும். வலது கையால் பெருக்குகிறவர்கள் வீட்டில் நுனி சாய்வாக வெட்டினது போல ஆகிவிடும், மறு பக்கம் அப்படியே இருக்கும். சாதாரணத் துடைப்பமாக இருந்தால் கையில் திருப்பிப் பிடித்துக்கொள்வேன். உங்களுடையதில் கிண்ணத்தைத் தளர்த்தி, தலையை மட்டும் பாதி திருப்பி மறுபடி இறுக்க முடியுமா?

லேத்துப்பட்டறை, கோவை

முடியும் அக்கா. ஈர்க்குக் கட்டு வட்டம் என்பதால் தடியையே திருப்பிப் பிடித்தாலும் போதும், ஆனால் பழகின கை திருப்பாது. பின்னை உருவி, தடியை இரண்டு சுற்று தளர்த்தி, கட்டைக் கையால் திருப்பி, மறுபடி இறுக்குங்கள். முனையில் நீளமாக நிற்கிற ஈர்க்கைக் கத்தரிக்க வேண்டாம், நுனி மெலிசாக இருந்தால்தான் மண் வாரும்.