மருந்துப் பாதுகாப்பையும் ஆய்வகப் பரிசோதனைகளையும் பணியில் இருந்துகொண்டே சேர்த்துப் படிப்பது எப்படி?

கேள்வி: செவிலியர், கொழிஞ்சாம்பாறை

அனைவருக்கும் வணக்கம். நான் பொள்ளாச்சிப் பக்கத்தில் பிறந்து, தமிழ்நாட்டில் ஜி.என்.எம். என்னும் செவிலியர் பட்டயப் படிப்பை முடித்து, திருமணத்துக்குப் பிறகு ஆறு ஆண்டுகளாகப் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பணிபுரிகிறேன். எங்களிடம் வருகிறவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் மிகுதி. காலையில் கோவையில் மருத்துவரைப் பார்த்துவிட்டு, மாலையில் இங்கே வந்து ட்ரிப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு.

பதிவைப் புதுப்பிக்க ஐந்து ஆண்டுகளில் 150 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருப்பதால், கிடைக்கும் வகுப்புகளுக்கெல்லாம் போய்வருகிறேன். ஒரு நாள் மருந்துப் பாதுகாப்பு என்பார்கள், இன்னொரு நாள் ஆய்வகப் பரிசோதனைகள் என்பார்கள். இரண்டும் வேறு வேறு பாடங்களாகவே மனத்தில் நிற்கின்றன.

சென்ற மாதம், இதய வால்வு மாற்றிக்கொண்ட பெரியவர் ஒருவர் ஈறில் இரத்தம் கசிகிறது என்று வந்தார். இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். ஏழுக்கு மேல் இருந்தது. அவருடைய மஞ்சள் பையைத் திறந்து பார்த்தபோது, எல்லைக்கு அந்தப் பக்கம் எழுதிய வார்ஃபரினும் இந்தப் பக்கம் எழுதிய அசினோகுமராலும் ஒன்றாக இருந்தன. பெயர் வேறாக இருந்ததால் இரண்டையும் விழுங்கியிருக்கிறார். இரண்டும் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஒரே வேலையைச் செய்கிறவை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அறிக்கை வந்த பிறகுதான் பையைத் திறந்தேன் என்பது இன்றுவரை உறுத்துகிறது. மருந்தையும் பரிசோதனையையும் ஒருசேர நினைக்கும் பழக்கத்தை எப்படி வளர்த்துக்கொள்வது?

பதில் 1: ஓய்வு பெற்ற செவிலியர் கண்காணிப்பாளர், சித்தூர் (ஆந்திரத்துச் சித்தூர் அன்று, பாலக்காட்டுச் சித்தூர்)

அன்புள்ள சகோதரிக்கு, பெரியவரின் பையை நீங்கள் திறந்து பார்த்ததே பெரிய காரியம். திறக்காமலே விட்டிருந்தால் வீட்டுக்குப் போய் மீண்டும் இரண்டையும் விழுங்கியிருப்பார். இனிமேல் சேர்க்கையின்போதே பையைக் கட்டில்மேல் கொட்டச் சொல்லி, ஒவ்வோர் அட்டையிலும் விற்பனைப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள மூலப்பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, பாடத்தலைப்பிலிருந்து தொடங்க வேண்டாம், உங்கள் வார்டில் உள்ள ஒரு நோயாளியிலிருந்து தொடங்குங்கள். வாரத்துக்கு ஒருவர் போதும். அவருக்குத் தரும் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே, தருவதற்கு முன் எந்த அறிக்கையைப் பார்க்க வேண்டும், எந்த எண்ணைக் கண்டால் கையை நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும், இரத்தத்தை எந்த நேரத்தில் எடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். இதய மருந்தான டிகாக்சின் என்றால் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் எதிரே வரும். பொட்டாசியம் குறைந்திருந்தால், டிகாக்சின் அளவு சரியாக இருந்தாலும் நச்சாகலாம். அதன் இரத்த அளவைப் பார்க்க வேண்டுமென்றால், மருந்து கொடுத்து ஆறு மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் எண் பொய்யாக உயர்ந்து காட்டும்.

பொட்டாசியம் குளோரைடைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பணிக்காலத்தில் என்னை மிகவும் அச்சப்படுத்திய ஆம்பூல் அதுதான். 10 மி.லி. ஆம்பூலில் 15 சதவீதக் கரைசல், அதாவது 20 மில்லி ஈக்விவலண்ட் (உப்புகளை அளக்கும் அலகு) இருக்கிறது. அதை நேரடியாக இரத்தக் குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். 500 மி.லி. சலைனில் ஓர் ஆம்பூல் கலந்தால், சாதாரண வார்டில் மணிக்கு 10 மில்லி ஈக்விவலண்டுக்கு மேல் போகக் கூடாது என்ற கணக்கில், அந்தப் பாட்டில் முடிய இரண்டு மணி நேரமாவது ஆக வேண்டும். தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் ஊசியால் செலுத்திவிட்டு அப்படியே விட்டால், கனமான அந்தக் கரைசல் அடியில் தேங்கி முதலில் இறங்கிவிடும். ஆகவே பாட்டிலை இறக்கி, கலந்து, பலமுறை தலைகீழாகக் கவிழ்த்த பிறகே மாட்ட வேண்டும். சிறுநீர் போகிறதா என்பதையும் அதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தால், பொட்டாசியம் என்பது ஆய்வகத்துக்கும் மருந்துக்கும் பொதுவான ஒரே பாடம் என்பது விளங்கிவிடும்.

வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன், அந்த மணிநேரங்களை நீங்கள் பதிவு செய்துள்ள மாநிலக் கவுன்சில் ஏற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளி ஒருவரின் நிலையை முன்வைத்து விவாதிக்கும் வகுப்பையே நான் தேர்ந்தெடுப்பேன்.

பதில் 2: ஆய்வக நுட்பநர், வேலந்தாவளம்

அம்மா சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் அறிக்கையில் உள்ள எண்ணை நம்பித்தான் அவ்வளவும் நடக்கிறது. அந்த எண் பிறப்பது எங்கள் கருவியில் அன்று, செவிலியரின் கையில். அதனால் சாம்பிள் எடுப்பதிலிருந்து படிப்பைத் தொடங்கலாம் என்பது என் கருத்து.

ஒருமுறை இரவுப் பணியில் வந்த சாம்பிளில் பொட்டாசியம் எட்டுக்கு அருகில் இருந்தது. அதே குழாயில் கால்சியம் நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. வார்டுக்குத் தொலைபேசியில் கேட்டால், அந்த நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார் என்றார்கள். மஞ்சள் மூடிக் குழாயில் இரத்தம் போதவில்லை என்று, ஊதா மூடிக் குழாயிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். ஊதா மூடிக் குழாயில் இருப்பது, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளின் பொட்டாசிய உப்பு. அது பொட்டாசியத்தை உயர்த்திக் காட்டும், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த எண்ணை நம்பி, பொட்டாசியத்தைக் குறைக்க இன்சுலினும் குளுக்கோசும் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது. அதனால்தான் நீல மூடி, பிறகு சிவப்பு அல்லது மஞ்சள், பிறகு பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல் என்று குழாய்களை நிரப்பும் வரிசையை மாற்றக் கூடாது என்கிறோம். கையில் கட்டும் டூர்னிக்கே பட்டையை நெடுநேரம் இறுக்கி வைத்து, கையை மூடித் திறக்கச் சொன்னாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறும்.

உங்கள் பெரியவரைப் போன்றவர்களுக்கு நீல மூடிக் குழாய்தான் உயிர். ஒன்பது பங்கு இரத்தத்துக்கு, அது உறையாமல் தடுக்கும் சிட்ரேட் கரைசல் ஒரு பங்கு என்பது கணக்கு. 2.7 மி.லி. எடுக்க வேண்டிய குழாயில் பாதிதான் நிரம்பியது என்றால் சிட்ரேட் மிஞ்சி, ஐ.என்.ஆர். உண்மையைவிடக் கூடுதலாக வரும். மருத்துவர் அதைப் பார்த்து வார்ஃபரினைக் குறைப்பார். பிறகு வால்வில் இரத்தம் கட்டினால், தவறு எங்கே தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. குறைவாக நிரம்பிய குழாயை நாங்கள் திருப்பி அனுப்பினால் தயவுசெய்து வருந்தாதீர்கள்.

பதில் 3: செவிலியர், மறையூர்

எங்கள் பக்கத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் மிகுதி. நான் கண்ட இடர் பெரும்பாலும் இன்சுலினில்தான். நம் நாட்டில் மி.லி.க்கு 40 யூனிட் உள்ள குப்பியும் 100 யூனிட் உள்ளதும் விற்கின்றன. 40க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். ஆகவே வீட்டுக்கு அனுப்பும்போது, குப்பியையும் சிரிஞ்சையும் அவர்கள் கையில் கொடுத்து, என் கண்முன்னே இழுத்துக் காட்டச் சொல்கிறேன்.

மொழியையும் கவனியுங்கள். மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல், நமக்கு அது மார்கழிக் குளிர். ‘பனி வந்தால் இந்த மாத்திரை’ என்று கேட்டுக்கொண்டு போன ஒரு பாட்டி, காய்ச்சலே இல்லாமல் விடியற்காலைதோறும் பாராசிட்டமால் போட்டுக்கொண்டிருந்தார். ‘புரிந்ததா?’ என்று கேட்காமல், ‘எப்போது போடுவீர்கள், சொல்லுங்கள் பாட்டி’ என்று கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

மருந்தால் கேடு நேர்ந்ததாக ஐயம் வந்தால் செவிலியரே இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம். கட்டணமில்லா எண் 1800-180-3024.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று பணிக்குப் போனதும் மருந்துத் தட்டைத்தான் முதலில் பார்த்தேன். ஊசிக்கான நீர் ஆம்பூலும் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலும் தட்டின் ஒரே பிரிவில், ஒரே அளவில் அடுத்தடுத்துக் கிடந்தன. இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லி, பொட்டாசியத்தைத் தனிப் பெட்டியில் சிவப்புத் தாள் ஒட்டி வைத்துவிட்டோம். முதல் நோயாளியின் பக்கத்தையும் எழுதத் தொடங்கிவிட்டேன்.

ஆய்வக நண்பரிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒரு கையில் ட்ரிப் ஓடுகிறது, மறு கையில் எடுக்க வழியில்லை என்றால் என்ன செய்வது?

பதில் 2 எழுதியவர்:

ட்ரிப் ஓடும் ஊசிக்கு மேலே ஒருபோதும் எடுக்காதீர்கள். மருத்துவரின் ஒப்புதலோடு ட்ரிப்பை இரண்டு நிமிடமாவது நிறுத்தி, ஊசி இருக்கும் இடத்துக்குக் கீழே டூர்னிக்கே கட்டி, அதற்கும் கீழே விரல் பக்கமாக எடுங்கள். முதலில் வரும் 5 மி.லி.யை விலக்கிவிடுங்கள். எந்தக் கையில் எடுத்தீர்கள், என்ன திரவம் ஓடிக்கொண்டிருந்தது என்பதைப் படிவத்தில் எழுதி அனுப்பினால், குளுக்கோசோ சோடியமோ மாறி வரும்போது இங்கே நாங்கள் உடனே ஐயப்பட்டு உங்களை அழைப்போம்.