புதுப்பிப்பு: மகனின் பேச்சுப் பயிற்சியும் பட அட்டைகளும்

மூன்று மாதத்துக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்: நாலரை வயது மகன் 'க' வரவேண்டிய இடத்தில் 'த' என்கிறான், பயிற்சியில் பூம் கார்ட்ஸ் என்ற, திரையில் தட்டி விடை சொல்லும் பட அட்டைகள் உள்ள தளத்தைத் திறந்தால் படத்தைத் தட்டுகிறானே தவிர வாயைத் திறப்பதில்லை, என்ன செய்யலாம் என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

உங்களில் ஒருவர் சொன்னபடி நாங்களே தமிழில் அட்டை செய்தோம். அந்தத் தளத்தில் சொந்தப் படமும் குரலும் சேர்க்கலாம். சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஓர் ஒலி மாறினால் பொருளே மாறிவிடும் ஜோடிச் சொற்கள் வேண்டும் என்றார். எனக்கு உடனே தோன்றியது காக்கா, தாத்தா. ஒரு பக்கம் சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே எடுத்த காக்கா, மறுபக்கம் என் அப்பா.

அப்புறம் விதியையும் மாற்றினோம். ஐபேட் என் கையில். அவன் சொல்ல, நான் தட்டுவேன். 'தாத்தா' என்று காதில் விழுந்தால் தாத்தாவைத்தான். முதல் நாள் காக்கா வரவே இல்லை என்று அழுதுவிட்டான், எனக்கும் தாங்கவில்லை. தான் சொல்வது வேறாகக் கேட்கிறது என்று அன்றுதான் அவனுக்குப் புரிந்தது என நினைக்கிறேன்.

போன வியாழன் சிகிச்சையாளர் அவனைத் தரையில் மல்லாந்து படுக்கச் சொன்னார். அப்படிப் படுத்தால் நாக்கு பின்னுக்குப் போகுமாம். கூரையைப் பார்த்தபடி மெதுவாக "கா... க்கா" என்றான்! வேகமாகப் பேசினால் கதவு இன்னும் 'ததவு'தான்.

ஒன்று கவனியுங்கள்: எங்கள் அட்டைகள் தட்டியதைத்தான் சரி, தப்பு என்று காட்டும். ஒலியைக் கேட்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அட்டைகள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்புகிறேன். தாத்தா படத்தை மட்டும் உங்கள் வீட்டுத் தாத்தாவாக மாற்றிக்கொள்ளுங்கள்.