ஜெயில்ல நெசவு பழகுனவரு எங்க தறிக்குடோன்ல

சோமனூர் பக்கம் கூலிக்கு விசைத்தறி ஓட்டறோமுங்க. எங்க குடோன்ல வேலை செய்யற ஒருத்தர் நெசவு பழகுனது கோயமுத்தூர் மத்திய சிறையில. வேலை கேட்டு வந்த அன்னிக்கே மறைக்காம சொல்லிட்டாரு: "ஆயுள் தண்டனைங்கண்ணா. உள்ள தறிதான் ஓட்டுனேன்."

பக்கத்துத் தறிக்காரர் வேண்டவே வேண்டாம்னாரு. வீட்டுலயும் பயந்தாங்க. நான் அறுந்து கிடந்த பாவு நூலை, அதாவது தறியில நீளவாக்குல ஓடற நூலைக் காட்டுனேன். இழை இழையாப் புணைச்சு, விழுதுக் கண்ணுல வாங்கி, சீப்பு மாதிரி இருக்கற அச்சுல கோத்து, தறியை ஓட விட்டுட்டுத்தான் நிமிர்ந்தாரு. வருசக்கணக்காப் பழகுன கை. அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

கோவை ஜெயில்னா நமக்கு வ.உ.சி. இழுத்த செக்குதான் ஞாபகம் வரும். 1908ல அவருக்குக் கொடுத்தது உடம்பை வதைக்கறதுக்குன்னே கொடுத்த வேலை. இன்னிக்கு அதே ஜெயில்ல போலீஸ்காரங்களுக்குக் காக்கித் துணி நெய்யறாங்க. கூலியும் உண்டு. கைதிகளோட உழைப்புக்கு நியாயமான கூலி கொடுக்கணும்னு 1998ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்குது. நம்ம மாநிலத்துல அந்தக் கூலியில 20 சதவீதம், குற்றத்தால பாதிக்கப்பட்டவங்களுக்கான நிதிக்குப் போயிருது. அதைப் பத்திக் கேட்டப்ப, "அதுல எனக்குக் குறையே இல்லீங்கண்ணா"ன்னாரு. மேல நான் கேக்கல.

அவருக்குச் சிரமமா இருந்தது வேற. உள்ள ஓட்டுனது நாடா குறுக்க ஓடி நெய்யற பழைய தறி. எங்ககிட்ட பாதி ரேப்பியர், நாடா இல்லாம ஓடற புது மாதிரித் தறி. சென்சார், போர்டு எல்லாம் புதுசு, பசங்க கூட நின்னு கத்துக்கிட்டாரு. அதைக்கூட ஒரு மாதிரி தாண்டிட்டாரு, வாடகைக்கு வீடுதான் கிடைக்கல. முன்னாடி எங்க இருந்தீங்கன்னு கேட்டாங்கன்னா அதோட பேச்சு முடிஞ்சிரும். கடைசியில குடோனுக்குப் பின்னாடி ரூமை ஒழிச்சுக் கொடுத்தோம்.

எனக்கு இதுதான் மனசை அறுக்குது. உள்ளயே தொழில் கத்துக்கொடுத்து அனுப்பறாங்க, ஆனா ஜெயில் கேட்டுக்கு வெளிய வர்ற அன்னிக்கு "வா, வேலை இருக்குது"ன்னு சொல்ல ஒருத்தரும் இல்ல. இங்க நாம ஆள் கிடைக்காமத் தறியை நிறுத்தி வெச்சிருக்கறோம். பயிற்சி முடியறப்பவே தறிக்காரங்களை உள்ள கூப்பிட்டு இவங்க வேலையைப் பார்க்க விடணும். கையைப் பார்த்தா பாதிப் பயம் போயிரும், எனக்குப் போச்சு.

அவர்கூட உள்ள நெய்த இன்னொருத்தர் அடுத்த மாசம் வெளிய வர்றாராம். எங்ககிட்ட இடமில்லீங்க. பல்லடம், சோமனூர் பக்கம் ராத்திரி ஷிப்டுக்கு ஆள் தேடறவங்க இருந்தா சொல்லுங்க, நானே கூட்டிட்டு வந்து விடறேன்.